கார்பன் கணக்கு கேட்கிறார்கள், என்ன எழுதுவது?

கேள்வி: சேலத்தில் சூரமங்கலம் பக்கம் எங்கள் ஷீட் மெட்டல் பட்டறை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் ரேக், யூபிஎஸ் பெட்டி, பேனல் கேபினெட் செய்து ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குக் கொடுக்கிறோம். மாதம் 20 டன் சிஆர் ஷீட் (சூடாக்காமல் உருட்டிய இரும்புத் தகடு) ஓடும். அதில் 18 சதவீதம் ஸ்கிராப். கரன்ட் 12,000 யூனிட். பவுடர் கோட்டிங் ஓவனுக்கு 19 கிலோ சிலிண்டர் 40. ஜெனரேட்டருக்கு டீசல் 150 லிட்டர். வாரம் மூன்று லோடு வாடகை வண்டியில் போகிறது. போன மாதம் அந்தக் கம்பெனி ஒரு படிவம் அனுப்பி, ஸ்கோப் 1, 2, 3 கார்பன் கணக்கும் குறைப்பு இலக்கும் கேட்டிருக்கிறது. ஒரு கன்சல்டன்ட் ஒன்றரை லட்சம் கொடுத்தால் சான்றிதழோடு முடித்துத் தருகிறேன் என்கிறார். சோலார் விற்பவர், 25 கிலோவாட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். அப்பாவோ, "எல்லாத்துக்கும் ஆமான்னு டிக் அடிச்சு அனுப்பு, யாரு வந்து பார்க்கப் போறா? நமக்கு வர்றது மேட்டூர் தண்ணி கரன்ட், அதுல ஏது கார்பன்?" என்கிறார். நான் என்ன செய்வது?

– வாசகி, சேலம்

பதில்: முதலில் அப்பாவின் மேட்டூர் கரன்டை முடித்துவிடுவோம். 1934-ல் திறந்த அணையில் இன்றைக்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் அதே மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையமும் நிலக்கரியில் ஓடுகிறது. உங்கள் மீட்டருக்குள் நுழைவதில் எது தண்ணீர், எது கரி என்று யாராலும் பிரிக்க முடியாது. 2013 டிசம்பர் 31-ல் தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பும் மற்றவற்றோடு இணைந்து நாடே ஒரே கட்டமைப்பாகிவிட்டது. அதனால் மத்திய மின்சார ஆணையம் நாடு முழுமைக்கும் ஒரே எண்ணை வெளியிடுகிறது. 2023-24க்கு அது யூனிட்டுக்கு 0.727 கிலோ கரியமில வாயு. ஓசூர்க்காரர்கள் எதிர்பார்ப்பது இந்த எண்ணைத்தான். நீங்கள் நிரப்பும்போது புதிய பதிப்பு வந்திருந்தால் அதைப் போடுங்கள்.

டிக் அடிக்கும் யோசனை வேண்டாம். வந்து பார்க்க மாட்டார்கள் என்பது சரியாகவே இருக்கலாம், ஆனால் பில் கேட்பார்கள். நீங்கள் எழுதும் எண் உங்களோடு நிற்பதில்லை. பங்குச்சந்தையில் மதிப்பு அடிப்படையில் முதல் ஆயிரம் கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு விவரங்களை ஆண்டறிக்கையோடு கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23லிருந்து வைத்திருக்கிறது. அதில் முக்கியமான எண்களை வெளியாள் சரிபார்க்கும் ஏற்பாடும் படிப்படியாக வருகிறது. இன்னொரு பக்கம், 2030-க்குள் சப்ளையர்களையும் சேர்த்தே கார்பன் கணக்கை நிகரப் பூஜ்யமாக்குவோம் என்று ஆப்பிள் 2020-லேயே அறிவித்தது. மைக்ரோசாஃப்டும் அதே ஆண்டில், 2030-க்குள் தாங்கள் வெளியிடுவதைவிட அதிகமாகக் கார்பனைக் காற்றிலிருந்து எடுப்போம் என்றது. இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குப் பொருள் செய்து கொடுப்பவரைக் கேட்பார்கள், அவர் பெட்டி செய்து கொடுப்பவரைக் கேட்பார். கடைசியில் சூரமங்கலம் வரை வந்து நிற்கிறது. உங்கள் ஓசூர் கம்பெனி இதில் எந்த வழியில் மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நல்லது. அவர்களுடைய கொள்முதல் ஆளிடம் ஒரு போன் போட்டு, "இது உங்களுக்கு யார் கேட்டது?" என்று விசாரியுங்கள். பதிலைப் பொறுத்து எவ்வளவு விவரம் வேண்டும் என்பது மாறும்.

ஒன்றரை லட்சம் இப்போது தேவையில்லை. அவர்கள் கேட்டிருப்பது கணக்கு, சான்றிதழ் அல்ல. யாரோ நட்ட மரத்தின் கணக்கில் நாலு டன்னை வாங்கி ஒட்டி 'கார்பன் நியூட்ரல்' என்று ஃபிரேம் போட்டுக் கொடுப்பதை ஓசூர்க்காரர்கள் தங்கள் கணக்கில் சேர்க்கவும் முடியாது. பின்னால் ஐஎஸ்ஓ 14064 என்ற கார்பன் கணக்குத் தரமுறைப்படி சரிபார்த்துத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்டால் அப்போது செலவு செய்யலாம். இப்போதைக்கு ஓராண்டு கரன்ட் பில், கேஸ் ஏஜென்சி ரசீது, டீசல் ரசீது, ஷீட் வாங்கிய இன்வாய்ஸ், ஸ்கிராப் விற்ற எடைச்சீட்டு, இவ்வளவும் இருந்தால் உங்கள் அக்கவுண்ட்ஸ் பெண்ணே ஒரு மதியத்தில் எக்செல்லில் போட்டுவிடுவார்.

நீங்கள் கொடுத்த எண்களிலேயே போட்டுக் காட்டுகிறேன். ஸ்கோப் 1 என்பது உங்கள் இடத்திலேயே எரிப்பது. எல்பிஜி ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு. 40 சிலிண்டரில் 760 கிலோ, ஆக 2.3 டன். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, 150 லிட்டருக்கு 0.4 டன். ஸ்கோப் 2 என்பது வாங்கும் கரன்ட்: 12,000 யூனிட்டுக்கு 8.7 டன். மூன்றும் சேர்த்து மாதம் 11.4 டன். இதுதான் 'உங்களுடையது'.

சரி, இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. ஸ்கோப் 3, அதாவது நீங்கள் வாங்கும் பொருளிலும் வெளி வண்டியிலும் மற்றவர்கள் வெளியிடுவது. அந்தப் பெட்டியைப் பார்த்து நிறையப் பேர் பயந்து காலியாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் தொழிலில் அந்தப் பெட்டியில்தான் மலை இருக்கிறது. நம் நாட்டில் ஒரு டன் ஸ்டீல் செய்ய சராசரியாக இரண்டரை டன் கரியமில வாயு வெளியேறுகிறது, உலக சராசரி இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. நீங்கள் வாங்கும் 20 டன் ஷீட், உங்கள் கேட்டுக்குள் வரும்போதே 50 டன்னைச் சுமந்துகொண்டு வருகிறது. கரன்ட், கேஸ், டீசல் எல்லாம் சேர்ந்த 11.4-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோலார் விற்பவர் சொன்ன 'எல்லாம் சரியாகிவிடும்' என்பதன் லட்சணம் புரியும்.

ஷீட்டைக் குறைத்தால் ரேக் எப்படிச் செய்வது என்பீர்கள். ரேக்கைக் குறைக்க வேண்டாம், ஸ்கிராப்பைக் குறையுங்கள். 18 சதவீதம் என்பது உங்கள் மாதிரி வேலைக்கு அதிகம். 20 டன்னில் 16.4 டன்தான் பொருளாகப் போகிறது. ஸ்கிராப்பை 14-க்குக் கொண்டுவந்தால் அதே பொருளுக்கு 19.1 டன் ஷீட் போதும். மாதம் 900 கிலோ மிச்சம். கார்பன் கணக்கில் அது சுமார் இரண்டேகால் டன். 25 கிலோவாட் சோலார் மாதத்துக்கு 3,000 யூனிட் தரும் என்று வைத்தால் அதன் கணக்கு 2.2 டன். இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்குப் பன்னிரண்டரை லட்சம் கடன் வேண்டும், இன்னொன்றுக்கு லேசர் மெஷின் பக்கத்தில் உட்காரும் பையனோடு ஒரு வாரம் உட்கார வேண்டும். ஸ்கிராப் உருக்கு ஆலைக்குத் திரும்பப் போகிறதே, அது வீணா என்று விவரமானவர்கள் கேட்பார்கள். வீணில்லை. ஆனால் நீங்கள் ஷீட் விலைக்கு வாங்கி ஸ்கிராப் விலைக்கு விற்கிறீர்கள். நடுவில் கிலோவுக்கு 30 ரூபாய் வித்தியாசம் என்றால்கூட 900 கிலோவுக்கு மாதம் 27,000 ரூபாய் உங்கள் பாக்கெட்டில்.

எப்படிக் குறைப்பது? பெரும்பாலான பட்டறைகளில் ஒவ்வொரு ஜாபையும் தனித்தனியாக நெஸ்டிங் (ஒரு ஷீட்டில் எந்தப் பாகத்தை எங்கே வெட்டுவது என்ற அடுக்கு) போடுகிறார்கள். ரேக்கின் பக்கத் தகடு ஒரு ஷீட், யூபிஎஸ் மூடி வேறொரு ஷீட். ஒரே கனத்தில் வரும் இரண்டு ஆர்டரை ஒன்றாகப் போட்டால், பெரிய தகட்டுக்கு நடுவே வெட்டி எறியும் துவாரத்துக்குள் சின்ன பிராக்கெட் உட்கார்ந்துவிடும். இதற்கு ஆர்டர் இரண்டு வாரம் முன்னதாகத் தெரிய வேண்டும். அது ஓசூர்க்காரர்கள் கையில் இருக்கிறது, பிறகு வருகிறேன். அடுத்து ஷீட் அளவு. எட்டடிக்கு நாலடி என்று பழக்கத்தில் வாங்குகிறீர்கள் என்றால், அதிகம் ஓடும் பாகத்தின் அகலத்துக்கு ஏற்ற நீளத்தில் காயிலிலிருந்து (சுருள் தகட்டிலிருந்து) வெட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்டாக்கிஸ்ட் நாலைந்து டன் ஒரே அளவில் எடுத்தால் வெட்டித் தருவார். துண்டு ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பீர்கள். அவற்றுக்கு அளவு எழுதி ஒரு நோட்டு போடுங்கள். அந்த நோட்டு இல்லாததால்தான் புது ஷீட்டில் கை வைக்கிறார்கள்.

இன்னொன்று. ஷீட்டோடு வரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டை ஃபைலில் வையுங்கள். எந்த ஆலையில் உருட்டியது என்று அதில் இருக்கும். (நம்ம ஊர் இரும்பாலையில் வருவது ஸ்டெயின்லெஸ், உங்கள் சிஆர் அங்கிருந்து வந்திருக்காது.) பெரிய ஆலைகள் தங்கள் டன் கணக்கை ஆண்டறிக்கையில் வெளியிடுகின்றன. எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு ஒரு வரையறையும் கொண்டுவந்திருக்கிறது. டன்னுக்கு 2.2-க்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பெயர், 1.6-க்கும் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். இன்றைக்கு அதைத் தேடி வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ஓசூர்க்காரர்களுக்கு அந்த நட்சத்திரம் வேண்டுமென்றால் விலை வித்தியாசத்தை அவர்கள் தரட்டும். ஆனால் ஆலையின் பெயர் உங்கள் கையில் இருந்தால் 'சராசரி' என்று எழுதுவதற்குப் பதில் உண்மையான எண்ணை எழுதலாம். சில சமயம் அதுவே கணக்கை இறக்கிவிடும்.

இப்போது காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர். நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. யாருமே எழுதுவதில்லை. காற்று ஓசியில் கிடைக்கிற மாதிரி ஒரு நினைப்பு. உங்கள் அளவு பட்டறையில் 15 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரஸர் இருக்கும். பத்து மணி நேரம், 25 நாள் ஓடினால் மாதம் 2,700 யூனிட் பக்கம் அதற்கே போகும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆள் யாரும் இல்லாதபோது, எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் போடுங்கள். ஏர் லைன் வால்வெல்லாம் திறந்தே இருக்கட்டும். டேங்க் நிரம்பியதும் கம்ப்ரஸர் அன்லோடு ஆகும், அதாவது காற்றை அழுத்துவதை நிறுத்தும். யாரும் காற்றைப் பயன்படுத்தாததால் அது அப்படியே இருக்க வேண்டும். இருக்காது. கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கி மறுபடி லோடு எடுக்கும். லோடில் எத்தனை விநாடி, அன்லோடில் எத்தனை விநாடி என்று போனில் உள்ள கடிகாரத்தை வைத்து ஐந்தாறு சுற்று குறியுங்கள். லோடு 40 விநாடி, அன்லோடு 80 விநாடி என்றால், 120-ல் 40. மூன்றில் ஒரு பங்கு காற்று ஓட்டையில் போகிறது. பராமரிப்பு இல்லாத இடங்களில் 20, 30 சதவீதம் என்பது சாதாரணம். 10-க்குக் கீழே இருந்தால் உங்கள் ஃபிட்டருக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றே 3 கிலோவாட்டுக்கு மேல் தின்னும்.

அதே ஞாயிறு, அமைதியாக இருக்கும்போதே, காதை வைத்துக் கேட்டபடி லைன் ஓரமாக நடங்கள். சந்தேகம் வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பெரும்பாலும் ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் குயிக் கப்ளரில்தான் இருக்கும். அடுத்து, பியூ டியூப் என்ற பிளாஸ்டிக் காற்றுக் குழாய் செருகும் இடம். அதன் முனையைக் கட்டிங் பிளேயரால் கோணலாக நறுக்கியிருப்பார்கள். நேராக வெட்டி மறுபடி செருகினாலே நின்றுவிடும். ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் வடியும் டிரெயினை யாராவது லேசாகத் திறந்தே விட்டிருப்பார்கள், தினமும் திறக்கச் சோம்பல். இதற்கெல்லாம் ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். மாதம் 500, 600 யூனிட் கையில் நிற்கும்.

பிரஷர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? எட்டரையா? எங்காவது கடைக்கோடியில் "அண்ணா, காத்து வரல" என்று யாரோ சொல்லி, யாரோ ஏற்றி, அப்படியே நின்றிருக்கும். ஒரு பார் குறைத்தால் கம்ப்ரஸர் கரன்டில் 6, 7 சதவீதம் குறையும். பவுடர் கன்னும் கை மெஷின்களும் 6 பாருக்கு மேல் கேட்பதில்லை. ஓட்டையை அடைத்துவிட்டு, நாளுக்குக் கால் பாராக இறக்கிக்கொண்டே வாருங்கள். யாராவது சத்தம் போடும் இடத்தில் நிறுத்தி, அந்த மூலைக்குப் போகும் அரை இஞ்ச் பைப்பை மட்டும் பெரிதாக மாற்றுங்கள். லேசர் காற்றில் வெட்டுகிறது என்றால் அதற்குத் தனி அழுத்தம் வேண்டும். ஒரு மெஷினுக்காகப் பட்டறை முழுவதையும் ஏற்றி வைக்காமல் அதற்கு மட்டும் பூஸ்டர் போடுங்கள். சாயங்காலம் கிளம்பும்போது ஏர் கன்னைச் சட்டைக்குள் விட்டுத் தூசி தட்டுகிற பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. கரன்ட் போகட்டும், அது ஆபத்து. கண், காது போய்விடும். ஒரு பிரஷ் வாங்கி மாட்டுங்கள்.

கம்ப்ரஸர் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். இடம் இல்லை என்று ஓவன் சுவருக்குப் பக்கத்தில் தள்ளியிருந்தால், சேலத்துச் சித்திரை வெயில் போதாதென்று ஓவன் சூட்டையும் சேர்த்து அது மூச்சிழுக்கிறது. உள்ளே போகும் காற்று 4 டிகிரி ஏறினால் கரன்ட் ஒரு சதவீதம் ஏறும். இடம் மாற்ற முடியாவிட்டால் வெளிச்சுவரில் நிழல் பக்கமாக ஒரு டக்ட் போட்டு அங்கிருந்து காற்றை எடுங்கள்.

ஓவனுக்கு வருவோம். சிலிண்டருக்கே மாதம் முக்கால் லட்சம் பக்கம் போகும், அதனால் இதுவும் சின்ன விஷயம் இல்லை. காலை எட்டு மணிக்கு வாட்ச்மேன் பர்னரைப் பற்றவைப்பார். முதல் ஜாப் உள்ளே போவது ஒன்பதரை. இடையில் எரிந்தது யாருக்காக? உங்கள் ஓவன் 190 டிகிரிக்கு வர எத்தனை நிமிடம் என்று ஒரு நாள் பாருங்கள். 35 நிமிடம் என்றால், ஓவனுக்குள் தொங்கவிடும் முதல் லோடு தயாராகும் நேரத்திலிருந்து 35 நிமிடத்தைக் கழித்துப் பற்றவையுங்கள். கதவின் மேல் விளிம்பில் பெயின்ட் பழுப்பேறியிருக்கிறதா? அந்த வழியாகச் சூடு வெளியே போகிறது. சீலிங் கயிற்றை மாற்றுங்கள். பக்கச் சுவரில் கை வைக்க முடியாத இடம் எங்கேயெல்லாம் இருக்கிறதோ, அங்கே சூட்டைத் தடுக்கும் ராக்வுல் பஞ்சு சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் சுவர் முழுக்க அளந்து சாக்பீஸால் எழுதிவிட்டால் ஓவனைச் சரிசெய்ய வருபவருக்கே வேலை புரியும். பவுடர் கெட்டியாக ஒட்டிய ஹேங்கர்களைச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றும் அந்த வீண் எடையையும் சுட வைக்கிறீர்கள்.

பெயின்ட்டுக்கு முன் தகட்டைக் கழுவும் செவன் டேங்க் வைத்திருந்தால், எண்ணெய்ப் பசை நீக்கும் டிகிரீசிங் டேங்கை ஹீட்டர் போட்டு 60 டிகிரியில் வைத்திருப்பார்கள், மூடியே இருக்காது. ஆவி மேலே போகிறபோதெல்லாம் உங்கள் கரன்ட் போகிறது. சாப்பாட்டு நேரத்திலும் இரவிலும் மூட ஒரு தகடு மூடி செய்யுங்கள், உங்களுக்குத் தகடுக்குப் பஞ்சமா? சாதாரண வெப்பத்திலேயே வேலை செய்யும் கெமிக்கலும் வந்துவிட்டது. 160 டிகிரியில் வேகும் பவுடரும் இருக்கிறது, விலை சற்றுக் கூடும். இவற்றை மாற்றுவதற்கு முன் ஓசூரில் சாம்பிள் கொடுத்து, உப்புத் தண்ணீர் தெளித்துத் துரு பார்க்கும் சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் முடித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கார்பனைக் குறைத்துவிட்டுத் துருப்பிடித்த ரேக் திரும்பி வந்தால் எல்லாம் போச்சு.

மற்றவை சுருக்கமாக. ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் தரும், அதனால் அந்தக் கரன்ட் யூனிட் முப்பது ரூபாய் பக்கம் வரும். கரன்ட் போகும்போது எது அவசியமோ அதை மட்டும் ஜெனரேட்டரில் வையுங்கள். பில்லில் பவர் ஃபேக்டர் (எடுக்கும் கரன்டில் எவ்வளவு உருப்படியாக வேலை செய்கிறது என்ற விகிதம்) எவ்வளவு, அபராதம் போட்டிருக்கிறார்களா, காலை மாலை நெருக்கடி நேரத்துக்குக் கூடுதல் விழுகிறதா என்று பாருங்கள். பழைய டிரான்ஸ்பார்மர் வெல்டிங் செட்கள் பவர் ஃபேக்டரை இழுத்துவிடும். கெபாசிட்டர் பேனலில் பாதி செத்திருக்கும். இதைச் சரிசெய்தால் காசு மிச்சம், கார்பனில் பெரிதாக ஒன்றும் மாறாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு படிவத்தில் எழுதாதீர்கள்.

சோலார் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிலோவாட்டுக்கு அரை லட்சம் என்று வைத்தால் பன்னிரண்டரை லட்சம். மாதம் 3,000 யூனிட் உங்கள் பகல் வேலைக்கே கரைந்துவிடும்; நாலைந்து வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்குக் கிடைக்கும் நெட் மீட்டரிங் (வெளியே அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழிப்பது) தமிழ்நாட்டில் தொழிற்சாலைக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலைதான், அதை எப்படிக் கணக்கிட்டிருக்கிறார்? மின்வாரியத்துக்கு நெட்வொர்க் கட்டணம் கட்ட வேண்டியிருந்தால் அதைத் திட்ட மதிப்பில் சேர்த்தாரா? உங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதன் இரும்புச் சட்டம் தாங்கும் என்று யார் எழுதித் தருவது? மூன்றாவது கேள்விக்குப் பலர் பேச்சை மாற்றுவார்கள்.

நான் எரிசக்தித் தணிக்கை செய்து பிழைக்கிறவன். ஆனாலும் சொல்கிறேன், மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேலைகளை முடிக்கும் முன் எந்தத் தணிக்கையாளரையும் கூப்பிடாதீர்கள். சோப்புத் தண்ணீர் தடவுவதற்கு ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. அதன் பிறகு மாவட்டத் தொழில் மையத்தில் 'பீஸ்' திட்டம் பற்றிக் கேளுங்கள். தணிக்கைச் செலவிலும், அதன் பேரில் மாற்றும் கருவிச் செலவிலும் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு திருப்பித் தருகிறது. பழைய கம்ப்ரஸரை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் மெஷின். வாங்கிவிட்டுப் போனால் கிடைக்காமல் போகலாம்.

ஓசூர்க்காரர்களுக்கு நீங்கள் கணக்குக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள், கேட்கவும் செய்யுங்கள். உங்கள் வண்டி வாரம் மூன்று முறை தொப்பூர் ஏறி, தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் போகிறது. திரும்பும்போது பெரும்பாலும் காலி. மாதம் 4,000 கிலோமீட்டர், லிட்டருக்கு எட்டு என்றால் 500 லிட்டர் டீசல், 1.3 டன். உங்கள் ஜெனரேட்டரைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்த வண்டியில் என்ன போகிறது? வெல்டிங் செய்து முடித்த ரேக். அதாவது நாலு பக்கம் தகடு, நடுவில் வெறும் காற்று. எடை ஒன்றேகால் டன், வண்டியோ நாலு டன் தாங்கும். மூலைகளைப் போல்ட்டில் மாட்டும் மாதிரி வடிவமைத்தால் பாகங்களைத் தட்டையாக அடுக்கி அனுப்பலாம், அங்கே ஆளுக்கு ஒரு ஸ்பேனரில் மாட்டிக்கொள்ளலாம். லோடு பாதியாகும். சுமை தாங்கும் சோதனை மறுபடி செய்ய வேண்டும், அவர்கள் டிசைன் ஆட்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். இந்த மிச்சம் அவர்களுடைய ஸ்கோப் 3 கணக்கிலும் இறங்குகிறது என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பார்கள்.

அடுத்தது கலர். ஆர்ஏஎல் என்ற கலர் அட்டவணை எண்ணில் சொன்னால் பேனலுக்கு 7035 சாம்பல், ரேக்குக்கு 9005 கருப்பு. திங்கள் கருப்பு, செவ்வாய் சாம்பல், புதன் மறுபடி கருப்பு என்று அவசரமாக ஆர்டர் வந்தால், ஒவ்வொரு முறையும் பவுடர் அடிக்கும் பூத்தைக் கழுவி கன்னைச் சுத்தம் செய்யும் நேரம் முழுக்க ஓவன் காலியாக எரிகிறது. வாரத்தில் முதல் பாதி ஒரு கலர், அடுத்த பாதி இன்னொன்று என்று இரண்டு வார அட்டவணை கொடுத்தாலே உங்கள் கேஸ் குறையும், மேலே சொன்ன நெஸ்டிங்கும் சாத்தியமாகும்.

படிவத்தில் 'இலக்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே '2030-ல் பூஜ்யம்' என்று எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். மொத்த டன்னிலும் எழுதாதீர்கள். நாளைக்கு ஆர்டர் கூடினால் கணக்கும் கூடும், நீங்கள் தவறியதாக ஆகிவிடும். ஒரு டன் முடிந்த பொருளுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். இப்போது உங்களுக்கு 16.4 டன்னுக்கு 12,000 யூனிட், டன்னுக்கு 730. அடுத்த ஆண்டு 650, ஸ்கிராப் 18-லிருந்து 15, டன்னுக்கு எல்பிஜி 46 கிலோவிலிருந்து 40 என்று எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை சோதனை முடிந்த பிறகு இந்த எண்களை நீங்களே திருத்துங்கள். அளக்காத கேள்விக்கு 'இன்னும் அளக்கவில்லை, ஏப்ரலிலிருந்து அளக்கிறோம்' என்று எழுதினால் யாரும் ஆர்டரை நிறுத்த மாட்டார்கள். மற்ற கஸ்டமருக்கும் வேலை செய்தால், ஓசூருக்குப் போன டன் எவ்வளவு என்று பிரித்து அந்தப் பங்கை மட்டும் அவர்கள் பெயரில் காட்டுங்கள்.

கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு பெட்டி இருக்கும், எல்லாரும் காலியாக விடுவது. அதில் மூன்று வரி: இரண்டு வார முன் அட்டவணை வேண்டும், கலர் சேர்த்து ஆர்டர் வேண்டும், போல்ட் மாடல் ரேக்குக்குச் சோதனை செய்ய உங்கள் டிசைன் துறையில் யாரைப் பார்ப்பது? இந்தப் படிவம் போகும் துறை வேறு, உங்களுக்கு ஆர்டர் போடும் துறை வேறு. அதனால் அதே மூன்று வரியைக் கொள்முதல் ஆளுக்கும் தனி மெயிலாக அனுப்பிவிடுங்கள்.